பன்னாட்டுத் தத்தெடுப்பில் காத்திருப்புக் காலம் - சீனா

பன்னாட்டுத் தத்தெடுப்பில் காத்திருப்புக் காலம் என்பது, வேறொரு நாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க விரும்புவோரின் ஆவணங்கள் அந்நாட்டு அரசிடம் பதிவான நாள் முதல், அவர்களுக்கு ஒரு குழந்தை ஒதுக்கப்படும் நாள் வரையிலான காலம் ஆகும். குழந்தையுடன் நாடு திரும்பும் வரையுள்ள முழுக் காலத்தையும் இப்பெயரால் குறிப்பிடுவதுண்டு. 1992 முதல் 2024 வரை நடைமுறையில் இருந்த சீன மக்கள் குடியரசின் பன்னாட்டுத் தத்தெடுப்புத் திட்டம், இக்காலம் எவ்வாறு உருவாகிறது, ஏன் நீள்கிறது என்பதற்குத் தெளிவான எடுத்துக்காட்டாகும். இத்திட்டத்தின் வழியே ஏறத்தாழ 1,60,000 குழந்தைகள் வெளிநாடுகளுக்குச் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் ஐக்கிய அமெரிக்கக் குடும்பங்களைச் சேர்ந்தடைந்தனர்.

பின்னணி

சீனாவில் 1970களின் இறுதியில் கொண்டுவரப்பட்ட ஒரு குழந்தைக் கொள்கையும், ஆண் குழந்தை மீதான சமூக விருப்பமும் சேர்ந்து, பெண் குழந்தைகள் பெருமளவில் கைவிடப்படக் காரணமாயின. குழந்தையைக் கைவிடுதல் குற்றம் என்பதால், பெற்றோர் தம்மைப் பற்றிய விவரம் எதுவுமின்றிப் பொது இடங்களில் குழந்தைகளை விட்டுச் சென்றனர். இக்குழந்தைகள் அரசு நல நிலையங்களில் வளர்ந்தனர். 1992 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த தத்தெடுப்புச் சட்டம், வெளிநாட்டவர் அவர்களைத் தத்தெடுக்க வழி செய்தது. பின்னர் பீஜிங்கில் அமைக்கப்பட்ட சீனத் தத்தெடுப்பு விவகார மையம் அனைத்து வெளிநாட்டு விண்ணப்பங்களையும் கையாண்டது. 2011 இல் இதன் பெயர் சீனக் குழந்தைகள் நலன் மற்றும் தத்தெடுப்பு மையம் என மாற்றப்பட்டது.

படிமுறைகள்

ஐக்கிய அமெரிக்காவிலிருந்து விண்ணப்பித்த குடும்பம் ஒன்று பின்வரும் கட்டங்களைக் கடக்க வேண்டியிருந்தது.

1. இல்ல ஆய்வு: சமூகப் பணியாளர் ஒருவர் குடும்பத்தைச் சந்தித்து, வருமானம், உடல்நலம், குடும்பச் சூழல் முதலியவற்றை ஆராய்ந்து அறிக்கை அளிப்பார்.
2. குடிவரவு முன் ஒப்புதல்: அமெரிக்கக் குடிவரவுத் துறை கைரேகைகளைச் சரிபார்த்து ஒப்புதல் வழங்கும்.
3. ஆவணத் தொகுப்பு: பிறப்பு, திருமண, மருத்துவ, காவல்துறைச் சான்றுகள் நோட்டரியிடமும் மாநில அரசிடமும் சீனத் தூதரகத்திலும் உறுதி செய்யப்பட்டுப் பீஜிங்கிற்கு அனுப்பப்படும்.
4. பதிவு நாள்: பீஜிங் மையம் ஆவணங்களைப் பதிவு செய்யும் நாள். வரிசையில் குடும்பத்தின் இடத்தை இந்நாளே முடிவு செய்யும்.
5. குழந்தை ஒதுக்கீடு: ஒரு குழந்தையின் நிழற்படமும் மருத்துவக் குறிப்பும் குடும்பத்திற்கு அனுப்பப்படும். குடும்பம் ஏற்றுக்கொண்டால் பயண அனுமதி வழங்கப்படும்.
6. பயணம்: தத்தெடுப்பு, குழந்தை வாழும் மாகாணத்தில் பதிவாகும். பின்னர் குவாங்சௌ நகரிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் குழந்தைக்கு விசா பெறப்படும்.

முதல் மூன்று கட்டங்களின் வேகம் ஓரளவு குடும்பத்தின் கையில் இருந்தது. நான்காம், ஐந்தாம் கட்டங்களுக்கு இடைப்பட்ட காலமே உண்மையான காத்திருப்பு ஆகும். இக்காலத்தில் குடும்பம் செய்யக்கூடியது மிகக் குறைவு.

காத்திருப்பு நீண்ட விதம்

2005 இல் அமெரிக்கர்கள் 7,900 இற்கும் மேற்பட்ட சீனக் குழந்தைகளைத் தத்தெடுத்தனர். இதுவே உச்ச அளவாகும். அவ்வாண்டில் பதிவு நாளிலிருந்து ஒதுக்கீடு வரை ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆயின. 2006 இறுதியில் இது ஓராண்டைக் கடந்தது. 2006 நடுப்பகுதியில் பதிவான குடும்பங்கள் ஐந்து ஆண்டுகள் வரை காத்திருந்தன.

மையம் பதிவு நாள் வரிசைப்படி, தொகுதி தொகுதியாகக் குழந்தைகளை ஒதுக்கியது. ஒரு மாதத்தில் ஒதுக்கப்பட்ட குழந்தைகள், முப்பது நாள்களில் பதிவான விண்ணப்பங்களுக்குப் போதுமானவர்களாக இருந்தால் வரிசை நீளாது. ஐந்து நாள்களின் விண்ணப்பங்களுக்கு மட்டுமே போதுமானவர்களாக இருந்தால், வரிசையின் பின்னால் நிற்போரின் காத்திருப்பு அந்த ஒரு மாதத்தில் 25 நாள்கள் கூடும். இதனால் முந்தைய ஆண்டின் அனுபவத்தைக் கொண்டு செய்யப்பட்ட கணிப்புகள் தொடர்ந்து பொய்த்தன.

விண்ணப்பங்கள் பெருகியமை, உள்நாட்டுத் தத்தெடுப்பு வளர்ந்தமை, பொருளாதார முன்னேற்றத்தால் கைவிடப்படும் குழந்தைகள் குறைந்தமை ஆகியன முதன்மைக் காரணங்கள். விண்ணப்பங்களைக் கட்டுப்படுத்த 2007 மே 1 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. இவற்றின்படி மணமாகாதோர் விண்ணப்பிக்க இயலாது. வயது, உடல் எடை, சொத்து, மணவாழ்வின் கால அளவு ஆகியவற்றுக்கும் வரம்புகள் விதிக்கப்பட்டன.

குடும்பங்கள் மீதான தாக்கம்

ஒப்புதல்களுக்குக் காலவரம்பு உண்டு. குடிவரவு முன் ஒப்புதல் 18 மாதங்களும் கைரேகைச் சரிபார்ப்பு 15 மாதங்களும் செல்லுபடியாயின. எனவே ஐந்து ஆண்டுகள் காத்திருந்த குடும்பம் இவற்றையும் இல்ல ஆய்வையும் பலமுறை கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க நேர்ந்தது. வேலை மாற்றம், இடப்பெயர்வு, நோய் போன்ற மாற்றங்களை அறிவிக்க வேண்டியிருந்தது. பலர் வரிசையிலிருந்து விலகினர். வேறு நாடுகளை நாடியோரும் உளர்.

குழந்தைகளின் காத்திருப்பு

நீண்டுகொண்டே சென்ற இவ்வரிசை பெற்றோரின் வரிசையே அன்றிக் குழந்தைகளின் வரிசை அன்று. உடல்நலமுள்ள கைக்குழந்தைகள் குறைவாகவும் அவர்களைக் கோரியோர் மிகுதியாகவும் இருந்தனர். அதே வேளையில் இதயக் குறைபாடு, பிளவுபட்ட உதடு போன்ற மருத்துவத் தேவை உடையவர்களும் வயதில் மூத்தவர்களும் நல நிலையங்களில் பெற்றோருக்காகக் காத்திருந்தனர். இவர்களுக்கெனத் தனிப்பட்டியல் இருந்தது. அதிலிருந்து தத்தெடுத்தோருக்கு நீண்ட பதிவு வரிசை பொருந்தவில்லை. பிற்காலத்தில் சீனாவிலிருந்து சென்ற குழந்தைகளுள் பெரும்பான்மையோர் இப்பட்டியலைச் சேர்ந்தவர்களே.

குழந்தைக்கு 14 வயது நிறைந்தால் தத்தெடுக்க இயலாது என்பது நெடுங்காலம் சீனச் சட்டமாக இருந்தது. 2021 இல் நடைமுறைக்கு வந்த குடிமையியல் சட்டத் தொகுப்பு இவ்வரம்பை நீக்கி, 18 வயதுக்குட்பட்டோரைத் தத்தெடுக்க இடமளித்தது.

பாதுகாப்பும் தாமதமும்

எல்லாத் தாமதமும் வீணானதன்று. கண்டெடுக்கப்பட்ட குழந்தையைப் பற்றிச் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட்டு, பெற்றோர் உரிமை கோர 60 நாள்கள் அளிப்பது விதியாகும். 1993 மே 29 அன்று உருவான ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கை, குழந்தைக்குச் சொந்த நாட்டிலேயே குடும்பம் கிடைக்குமா என முதலில் ஆராயுமாறு கூறுகிறது. இது சீனாவில் 2006 சனவரி 1 முதலும் ஐக்கிய அமெரிக்காவில் 2008 ஏப்ரல் 1 முதலும் நடைமுறைக்கு வந்தது. 2005 இல் ஹூனான் மாகாணத்தின் ஹெங்யாங் பகுதியில், நல நிலையங்கள் பணம் கொடுத்துக் குழந்தைகளை வாங்கியது வெளியானது. தத்தெடுப்போர் நல நிலையத்திற்கு அளிக்க வேண்டிய நன்கொடை இதற்குத் தூண்டுகோலானது எனக் கருதப்படுகிறது. குழந்தை உண்மையிலேயே கைவிடப்பட்டதா என்பதை உறுதி செய்யாமல் காத்திருப்பைக் குறைப்பதன் தீங்கை இந்நிகழ்வு காட்டுகிறது.

திட்டத்தின் முடிவு

2020 இல் கொரோனா பெருந்தொற்றால் தத்தெடுப்புப் பயணங்கள் நின்றன. குழந்தை ஒதுக்கப்பட்டு, நிழற்படம் பெற்றுப் பயண நாளை எதிர்நோக்கியிருந்த குடும்பங்களும் இதில் அடங்கும். 2022 அக்டோபர் முதல் 2023 செப்டம்பர் வரை 16 குழந்தைகளுக்கு மட்டுமே அமெரிக்க விசா வழங்கப்பட்டது. 2024 செப்டம்பர் 5 அன்று சீன வெளியுறவு அமைச்சின் பேச்சாளர், வெளிநாட்டுத் தத்தெடுப்பு முடிவுக்கு வந்ததை உறுதிப்படுத்தினார். நெருங்கிய இரத்த உறவினரின் குழந்தைகளையோ வாழ்க்கைத் துணையின் குழந்தைகளையோ தத்தெடுப்பதற்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. இதனால் நூற்றுக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்களின் விண்ணப்பங்கள் நிறைவுபெறாமல் போயின. குழந்தை ஒதுக்கீடு என்பது ஒரு முன்மொழிவே. தத்தெடுப்பு மாகாணத்தில் பதிவாகும் வரை, காத்திருந்தோருக்கு அக்குழந்தை மீது சட்ட உரிமை ஏதும் இருக்கவில்லை.

இவற்றையும் பார்க்கவும்

* தத்தெடுப்பு
* ஒரு குழந்தைக் கொள்கை
* ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கை
* குழந்தை உரிமைகள்