இலண்டன் – பாரிஸ் வான்வழி: தூரமும் காலமும்

இரு நகரங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை அளத்தல் எளிது. அதனைக் கடத்தற்கு வேண்டிய காலத்தை அளத்தல் அத்துணை எளிதன்று. இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 213 மைல் தூரம் உண்டு. இத்தூரம் என்றும் மாறாதிருக்க, பயண காலம் மட்டும் குறைந்தே வந்துள்ளது. இதற்கு இயந்திரத்தின் வேகமே காரணம் என்பர் பலர். வரலாறு அதனை முற்றாக ஏற்பதில்லை.

முதலாம் உலகப் போருக்கு முன்னர், புகையிரதத்திலும் நீராவிக் கப்பலிலும் மாறிச் சென்றோர் ஏழு மணி நேரமளவிற் பாரிசை அடைந்தனர். 1909 யூலை 25இல் லூயி பிளேரியோ என்பவர் கலேயிலிருந்து டோவருக்கு ஏறத்தாழ 37 நிமிடங்களிற் பறந்து, ஆங்கிலக் கால்வாயை விமானத்தாற் கடக்கலாம் என நிறுவினார். 1919 ஓகஸ்ட் 25இல் இலண்டனின் ஹவுன்ஸ்லோ வெளியிலிருந்து பாரிசின் லெ பூர்ஜேக்கு நாள்தோறும் செல்லும் விமான சேவை தொடங்கிற்று. போரிற் குண்டு வீசுதற்கென ஆக்கப்பட்ட விமானமொன்றே திருத்தப்பட்டு அன்று பறந்தது. அதிற் சென்ற பயணி ஒருவரே. கட்டணம் 21 பவுண். பயண காலம் ஏறக்குறைய இரண்டரை மணி. ஏழு மணிப் பயணம் இவ்வாறு சுருங்கிற்று.

ஆயினும், வேகம் வளர்ந்த அளவுக்கு ஒழுங்கு வளரவில்லை. வானிற் பாதையெனக் குறிக்கப்பட்டது எதுவுமில்லை. விமானிகள் கீழேயுள்ள வீதிகளையும் இருப்புப் பாதைகளையும் பார்த்தே வழி கண்டனர். 1922 ஏப்ரல் 7இல் வட பிரான்சிலே, பனிமூட்டத்தினிடையே, ஒரே வீதியைப் பின்பற்றி எதிரெதிரே வந்த இரு விமானங்கள் மோதின. அவற்றில் இருந்த எழுவரும் மாண்டனர். பயணிகள் விமானங்கள் வானில் மோதிய முதல் விபத்து இதுவே. இதன்பின் குரொய்டன் விமான நிலையத்திற் கூடியோர், விமானங்கள் யாவும் வலப்புறமாகவே செல்லுதல் வேண்டுமென முடிவு செய்தனர். அங்கிருந்த வானொலி நிலையம், பறக்கும் விமானத்தின் இருப்பிடத்தைக் கணித்து விமானிக்கு அறிவிக்கும் பணியையும் வளர்த்துக்கொண்டது. வீதியிற் செல்லும் வண்டிக்கு உரிய விதி, ஏழு உயிர்களை இழந்த பின்னரே வானுக்கும் உரியதாயிற்று.

தாரை விமானங்கள் வந்தபின், வானிற் பறக்கும் நேரம் ஒரு மணிக்கு உள்ளடங்கியது. எனினும், நகரிலிருந்து விமான நிலையம் செல்லல், சோதனைகளுக்குக் காத்திருத்தல், இறங்கியபின் மறுநகரை அடைதல் ஆகியன அந்நேரத்திற் சேர்வனவல்ல. எனவேதான் 1994இல் கால்வாயின்கீழ்ச் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபோது, விமானத்தினும் வேகங்குறைந்த புகையிரதம் அதனோடு போட்டியிட முடிந்தது. 2007இல் இலண்டன் வரையிலான விரைவுப் பாதை நிறைவுற, நகர் நடுவிலிருந்து நகர் நடுவுக்கு 2 மணி 15 நிமிடங்களிற் செல்லுதல் கைகூடிற்று.

ஆகவே, பயண காலம் என்பது வேகத்தின் விளைவு மட்டுமன்று. வேகம் நேரத்தைக் குறைக்கலாம். அந்நேரத்தைப் பயணிக்குப் பயனுடையதாகவும் பாதுகாப்பானதாகவும் ஆக்குவன விதியும் ஒழுங்குமே. 1922ஆம் ஆண்டின் விபத்து உலகுக்கு உணர்த்திய பாடம் இதுவாகும்.