4000 என்ற எண்ணும் ஆய்வாளனின் அமானிதமும்

மட்டக்களப்பு வாவிக்கரை முஸ்லிம்களின் வரலாற்றை யார் எழுதினாலும் ஒரு வசனம் தவறாமல் வந்துவிடும். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களுள் 4000 பேரை மட்டக்களப்பில் குடியமர்த்தினான் என்பதே அது. ஊர் வரலாறுகள், விழா மலர்கள், பட்டப்படிப்பு ஆய்வேடுகள் எல்லாவற்றிலும் அதனைக் காணலாம்.

இது எங்கிருந்து எடுத்தது என்று கேட்டால், "எல்லாரும் இப்பிடித்தானே சேர் எழுதியிருக்காங்க" என்பது மாணவரின் பதில். எல்லாரும் எழுதியது ஆதாரமாகிவிடாது. இச்செய்தி குவேறோஸ் பாதிரியாரின் போர்த்துக்கேய மொழிப் பெருநூலிலிருந்து வருவது. அதனை அவர் கோவாவில் இருந்து 1687இல் எழுதி முடித்தார். சம்பவம் நடந்து அறுபது ஆண்டுகள் கழிந்திருந்தன. எஸ்.ஜி. பெரேரா பாதிரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1930இல் கொழும்பில் வெளியாயிற்று. அந்த நூலைத் திறந்தும் பாராமல், இன்னொருவரின் அடிக்குறிப்பிலிருந்து பக்க எண்ணை மட்டும் தூக்கிப் போடுவது களவுதான். வாசிக்காததை வாசித்ததாகச் சொல்வது பொய்ச் சாட்சியமும் ஆகும்.

இதில் என்ன பெரிய நட்டம் என்று சிலர் கேட்கலாம். நட்டம் நமக்கே. இதே வசனத்தை வைத்துத்தான், கிழக்கு முஸ்லிம்கள் 1626க்குப் பிறகு வந்தவர்கள் என்று வாதாடுவோரும் இருக்கிறார்கள். குடியமர்த்தப்பட்டோரின் தொகையைச் சொல்லும் ஒரு குறிப்பு, அதற்கு முன் அங்கு எவரும் இருக்கவில்லை என்று சொல்வதாகாது. மூலத்தை நிதானமாகப் படித்தவனுக்கே இந்த வேறுபாடு புரியும். காணிக்கும் இருப்புக்கும் வரலாற்றைச் சாட்சியாக அழைக்கும் சமூகம், அந்தச் சாட்சியைச் சோதிக்காமல் சபைக்குக் கொண்டுவரலாமா?

நமக்கு இது புதுப் பாடமல்ல. ஹதீஸ் கலை அறிஞர்கள் செய்தியைப் பார்க்குமுன் இஸ்னாதைப் பார்த்தார்கள். ஆரு சொன்னது, அவர் ஆரிடம் கேட்டது, இருவரும் சந்தித்தார்களா என்று விசாரித்தார்கள். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மறைக்காமல் சொன்னார்கள்.

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் றோயல் ஏசியாற்றிக் சங்கத்தின் இலங்கைக் கிளையில் கட்டுரை வாசித்தார். சட்ட நிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் பற்றிப் பேசப்பட்ட காலம் அது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு நூல் வடிவில் மறுப்பு எழுதினார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் நாம் இன்று ஏற்கவேண்டியதில்லை. ஆனால் எதிராளியின் கூற்றை எடுத்துவைத்தே அவர் பதில் சொன்னார்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்ற இக்காலத்தில் பொறுப்பு மாணவருக்கு மட்டுமல்ல. ஆய்வேட்டில் கையொப்பமிடும் பேராசிரியரும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். குவேறோஸைக் கண்டிராவிட்டால், "இன்னாரின் நூலில் எடுத்தாளப்பட்டது" என்று எழுதட்டும். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. நம் பேரப்பிள்ளைகள் நம்பி எடுத்தாளக்கூடிய வரலாறு அப்படித்தான் உருவாகும்.