‘இல்லை’ என்னும் விடை

‘சோதித்துப் பார்த்தோம், கிருமி இல்லை’ என்று மருத்துவமனையிலிருந்து சொல் வந்துவிட்டால் நாம் கவலை ஒழிந்ததென்று இருந்துவிடுகிறோம். அந்த ‘இல்லை’யை எவ்வளவு தூரம் நம்பலாம்? 2003-ஆம் ஆண்டில் பரவிய சார்ஸ் நோயின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்க விழைகிறேன்.

தென்சீனத்துக் குவாங்டுங் மாநிலத்தில் 2002 நவம்பரில் தோன்றிய கடும் நுரையீரல் அழற்சி, 2003 பிப்ரவரியில் ஹாங்காங் வழியாக ஹனோய் நகரை எட்டியது. அங்கே நோயுற்றுக் கிடந்த வணிகர் ஒருவரைக் காண, உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த இத்தாலிய மருத்துவர் கார்லோ உர்பானி அழைக்கப்பட்டார். பறவைக் காய்ச்சலோ என்று முதலில் ஐயுற்றனர். சோதனை அதனை உறுதிப்படுத்தவில்லை. இதற்குள் மருத்துவமனை ஊழியர்களே ஒருவர்பின் ஒருவராக நோயில் வீழ்ந்தனர். உர்பானி ஆய்வுக்கூடத்தின் விடைக்காகக் காத்திருக்கவில்லை. நோயுற்றோரைத் தனிமைப்படுத்தச் செய்தார், அரசினரையும் எச்சரித்தார். நோய் அவரையும் பற்றியது. மார்ச் 29-ஆம் நாள் பாங்காக்கில், தம் 46-ஆம் வயதில், உயிர் நீத்தார். வியட்நாமில் 63 பேருக்கு நோய் கண்டு, ஐவர் மாண்டனர். ஏப்ரல் 28-இல் நோயை முற்றும் அடக்கிய முதல் நாடு அதுவே.

கிருமி யாது? கிளாமிடியா என்றனர் சிலர். பாராமிக்சோ வைரஸ் என்றனர் வேறு சிலர். ஹாங்காங்கில் மாலிக் பீரிஸ் குழுவினர் மேற்கொண்ட வழியே எனக்கு மிகவும் பிடித்தது. பீரிஸ் இலங்கையிற் பிறந்தவர். நோயாளியின் நுரையீரற் துணுக்கைக் குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில் இட்டு அக்குழுவினர் வளர்த்தனர். அவ்வணுக்கள் சிதையத் தொடங்கின. ஆயினும் அங்கே வளர்ந்தது நோய்க்கிருமிதானா, வழியில் ஒட்டிக்கொண்ட வேறொன்றா? நோயாளிகளின் குருதிநீர், அதிலும் தேறிவந்த நாட்களில் எடுத்தது, அக்கிருமியை அடையாளங் கண்டது. இரத்ததானம் செய்த 200 பேரின் குருதிநீரில் ஒன்றேனும் அதனை அறியவில்லை. ஐயம் நீங்கிற்று. அஃது ஒரு புதிய கொரோனா வைரஸ்.

பெயர் தெரிந்த பின்னும் தொல்லை தீரவில்லை என்பதுதான் வியப்பு. 75 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த பீரிஸ் குழுவினர், நோயின் தொடக்கத்தில் எடுத்த மூக்குத்தொண்டை நீரில் நூற்றுக்கு 32 பேரிடமே கிருமியைக் கண்டனர். 14-ஆம் நாளில் அத்தொகை 68 ஆயிற்று. காரணம் எளிது. சாதாரணச் சளிக்காய்ச்சலில் முதலிரண்டு நாட்களிலேயே கிருமி பெருகிவிடும். சார்ஸிலோ, ஏறத்தாழப் பத்தாம் நாளில்தான் உச்சம் அடையும். முதல் நாள் பஞ்சுக்குச்சியில் அகப்படாததால் அஃது உடலில் இல்லை என்றாகுமா? கிணற்றில் வாளி எட்டவில்லை என்பதற்காக நீரே இல்லை என்போமா? ஆகவே, நோயாளியோடு பழகியவரெனின், சோதனை ‘இல்லை’ எனினும் தனியறையில் வைத்து மறுபடியும் சோதித்தனர். நோய் தொடங்கி மூன்று வாரங்கள் கடந்த பின்னரும் குருதியில் எதிர்ப்பொருள் காணப்படவில்லையெனின், அப்போதுதான் ஐயத்தைக் கைவிட்டனர்.

ஜூலை 5-ஆம் நாள் நோய் அடங்கியதென அறிவிக்கப்பட்டது. பின்னர்த் திருத்திய கணக்கின்படி நோயுற்றவர்கள் 8,096 பேர். மாண்டவர்கள் 774 பேர். மருத்துவமனை ஊழியர்களும் அவர்களுள் பலர். 2020-இல் கோவிட் பரவியபோது, தொண்டைப் பஞ்சில் ‘இல்லை’ என்று வந்து, நுரையீரலின் ஆழத்திலிருந்து எடுத்த நீரில் கிருமி காட்டிய நோயாளிகளைப் பற்றிப் படித்தேன். ஹனோய் மருத்துவமனையும் உர்பானியுமே என் நினைவுக்கு வந்தனர்.