ஓவியத்தின் அடுக்குகள்

காவலூர்த் தொலைநோக்கியைக் காண ஜவ்வாது மலைக்கு வரும் மாணவ நண்பரே, ஆம்பூர்ப் பக்கத்து மலையம்பட்டில் உள்ள ஆர்மாமலைக் குகையையும் பாருங்கள். 8ஆம் நூற்றாண்டில் சமணர் தீட்டிய எண்திசைக் காவலர் ஓவியங்களில் எஞ்சியவை திட்டுத் திட்டான வண்ணங்களே.

ஏன் உதிர்ந்தன? ஓவியம் என்பது பாறை, சுண்ணச்சாந்து, வண்ணம் என்னும் அடுக்கு. ஈரச் சாந்தில் தீட்டினால், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகும்போது வண்ணத்தையும் பிடித்துக்கொள்ளும். உலர்ந்த சாந்தில் பசை கலந்து தீட்டியதற்கு இந்தப் பிடிப்பு இல்லை. பாறையில் கசியும் நீர் கொணரும் உப்போ, படிகமாகிச் சாந்தையே வெளியே தள்ளிவிடும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டது வேறோர் அடுக்கு. நாயக்கர் ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம்! கீழதைக் காண மேலதை அழிப்பதா? எதை இழப்பது என்று என்னைக் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். தொல்லியல் துறையினர் பின்னாளில் மேலடுக்கின் பகுதிகளைப் பெயர்த்துத் தனிப் பலகைகளில் பதித்தனர்.

பெயர்க்கும் வேலையில் கைகொடுப்பது, பட்டம் ஒட்டும் தாளைப் போன்ற மெல்லிய தாள்தான். அதை ஓவியத்தின் முகத்தில் ஒட்டிவிட்டால் வண்ணம் உதிராது. சாந்தைப் பெயர்த்துப் பலகையில் பதித்தபின், பசையைக் கரைத்துத் தாளை உரிப்பார்கள். கரைக்கும் திரவத்தை மூலையில் ஒரு துளி சோதித்தே தேர்வார்கள். பசை கலந்து தீட்டிய ஓவியமாயின் தண்ணீரே வண்ணத்தைக் கரைத்துவிடலாம்.