முதிர்ந்த போர்பன் விஸ்கி: சுவையும் மதிப்பீடும்

அமெரிக்கச் சட்டப்படி போர்பனின் தானியக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலனில்தான் அது ஊற வேண்டும். முதிர்ந்த போர்பனின் மதிப்பீடு தொடங்க வேண்டிய இடம் இந்த இரண்டாம் விதியே, புட்டியில் அச்சிட்ட வயது அன்று. பெரும்பாலும் பழைய பீப்பாயில் ஊறும் ஸ்காட்ச்சைப் போலன்றி, இங்கே புதிய மரம் வனிலா, கேரமல் மணங்களை விரைவிலேயே தந்துவிடுகிறது. போர்பன் பெரிதும் உருவாகும் கென்டக்கியின் கோடையில் மது மரத்துக்குள் ஊடுருவி, குளிரில் பின்வாங்கும். ஆண்டுதோறும் துவர்ப்பும் ஏறும். ஆகவே முகர்ந்து, சிறிது பருகி, சில துளி நீர் விட்டு மீண்டும் சுவைக்கையில் தேட வேண்டியது சமநிலையை: தானியத்தின் இனிப்பு இன்னும் தெரிகிறதா, விழுங்கியபின் நாவில் மரக்கசப்பு மட்டுமே மிஞ்சுகிறதா?

20 ஆண்டு கடந்த போர்பன்களுக்குப் பெருவிலை கிடைக்கிறதே என்று கேட்கலாம். ஆவியானது போக அத்தனை ஆண்டுக்குப் பின் பீப்பாயில் எஞ்சுவது சொற்பம். விலையில் பெரும்பங்கு அந்த அரிதான தன்மைக்கு உரியது. அவற்றுள் மிகச் சிறந்தவை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அவை கிடங்கின் குளிர்ந்த கீழ்த்தளங்களில் மெல்ல முதிர்ந்தவையாகவோ, பல பீப்பாய்களைச் சுவைத்துப் பொறுக்கியவையாகவோ இருக்கும். மேல்தள வெப்பத்தில் அதே வயது வெறும் மரச்சாறாகவும் முடியக்கூடும்.