ஆரல்வாய்மொழி கடந்த எழுத்து

திருவனந்தபுரத்தின் வடபால் அமைந்த கழக்கூட்டத்தை இன்று கணினித் தொழிலின் ஊராகவே பலரும் அறிவர். 1990-இல் அங்குத் தோன்றிய டெக்னோபார்க், தமிழ்நாட்டினின்றும் பல குடும்பங்களை அவ்வூருக்கு அழைத்து வந்தது. பிழைப்பு நாடி எல்லை கடந்து வந்தவர் நாம். அதே எல்லையை எதிர்த்திசையில், எழுத்தின் பொருட்டுக் கடக்க நேர்ந்த ஒருவரின் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

கழக்கூட்டத்துக்கு வடக்கே, கடலோரம் உள்ளது அஞ்சுதெங்கு. ஆங்கிலேயர் வசமிருந்த அச்சிற்றூரில் 1905-இல் வக்கம் அப்துல் காதர் மௌலவி 'சுவதேசாபிமானி' என்னும் மலையாள இதழைத் தம் சொந்தப் பொருளால் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும் வரவழைத்தார். 1906-இல் நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த இராமகிருஷ்ண பிள்ளை ஆசிரியரானார். மௌலவி அவருக்கு முழு உரிமை வழங்கினார். பின்னர்த் திருவனந்தபுரத்துக்கு இடம்பெயர்ந்த அவ்விதழ், திவான் இராஜகோபாலாச்சாரியையும் அரண்மனையைச் சூழ்ந்த ஊழலையும் அஞ்சாது கண்டித்தது.

விளைவு யாது? 1910 செப்டம்பர் 26-இல் இதழ் தடை செய்யப்பட்டது, அச்சுக்கூடம் பறிமுதலாயிற்று, ஆசிரியர் கைது செய்யப்பட்டு, நீதிமன்ற விசாரணை ஏதுமின்றி நாடு கடத்தப்பட்டார். அந்நாளில் திருவிதாங்கூரின் கிழக்கு வாயிலாக விளங்கிய ஆரல்வாய்மொழியைக் கடந்து, திருநெல்வேலிச் சீமையில் விடப்பட்டார். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1908-இல், நம் பாரதியார் 'இந்தியா' இதழின் பொருட்டுப் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்ததை இங்கு நினைத்தல் தகும்.

பாரதியார் தமிழ்மண்ணுக்கு மீண்டார்; பிள்ளையோ தம் நாட்டுக்கு மீளவேயில்லை. 1916 மார்ச் 28-இல், தம் முப்பத்தேழாம் வயதில், கண்ணூரில் மறைந்தார். அவருடன் வாழ்ந்த பன்னிரண்டு ஆண்டுகளைத் துணைவியார் கல்யாணி அம்மா 'வியாழவட்ட ஸ்மரணகள்' என்னும் நூலாக்கினார். அச்சுப்பொறியை இழந்த மௌலவியோ தம் ஆசிரியரைக் குறை கூறினாரல்லர். நாடு கடத்திய அந்நகரிலேயே இன்று பிள்ளைக்குச் சிலை நிற்கிறது. அவர் பெயரால் கேரள அரசு இதழியல் விருதும் வழங்குகிறது.

அன்று ஒரு குரலை அடக்க ஒரு பொறியைப் பறித்தலே போதுமானதாயிற்று. இன்றோ ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைபேசியே அச்சுக்கூடம். ஆதலின் தடைகளும் பொறியை விடுத்துச் சட்டத்தின் சொற்களில் புகுந்துள்ளன. இணையத்தில் எழுதுவோரைச் சிறையிட வழிவகுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவையும், கேரளக் காவல் சட்டத்தின் 118(டி) பிரிவையும் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-இல் செல்லாதவை என்றது. எனினும் 2020 நவம்பரில் 118-ஏ என்னும் புதிய பிரிவு அவசரச் சட்டமாக வந்தது. மூன்றாண்டுச் சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க அது இடந்தந்தது. இணையத்தில் பெண்கள் இழிவுபடுத்தப்படுவதைத் தடுத்தலே நோக்கம் என்றனர். அத்தீங்கு மெய்யே; அதனை நாமும் கண்டிக்கிறோம். ஆயினும் அச்சட்டத்தின் சொற்கள் எவ்வகை எழுத்தையும் வளைக்கத்தக்க அளவு அகன்றிருந்தன. எதிர்ப்பு வலுக்கவே, அரசு சில நாட்களிலேயே அதனைக் கைவிட்டது.

1910-க்கும் 2020-க்கும் இடையே உள்ள வேறுபாடு இதுவே. அன்று பிள்ளைக்காக வாதிட நீதிமன்றம் இல்லை. இன்று அரசியலமைப்பு உண்டு, கேள்வி கேட்கும் மக்களும் உளர். எழுத்துரிமை பொறியில் வாழ்வதன்று. அதனைக் காக்கத் துணியும் வாசகரிடமே வாழ்கிறது. பொய்யைப் பரப்பாமையும் மெய்யை மறைக்காமையும் ஆகிய இரண்டையும் நம் மக்களுக்கு இல்லத்திலேயே கற்பிப்போமாக. விடுமுறைக்கு ஊர் செல்லும் வழியில் ஆரல்வாய்மொழியைக் கடக்கும்போது, அவ்வழியே சென்று மீளாத ஆசிரியரை அவர்களுக்குச் சொல்வோமாக.