மூலக்குழு இசைப்பதிவு

ஓர் இசைநாடகத்தை மேடையில் முதன்முதலாக நடித்துப் பாடிய குழுவினரே, அந்நாடகத்தின் பாடல்களை ஒலிப்பதிவுக்கூடத்தில் மீண்டும் பாடிக் கொடுக்கும் பதிவு மூலக்குழு இசைப்பதிவு எனப்படும். நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளையும் லண்டனின் வெஸ்ட் எண்ட் அரங்குகளையும் ஒட்டி வளர்ந்த கலை இது. திரைப்படப் பாடல் தட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. படத்தில் ஒலிக்கும் பாட்டுதான் பெரும்பாலும் தட்டிலும் வருகிறது. இசைநாடகத் தட்டிலோ, மேடையில் ஒருநாளும் அப்படியே ஒலித்திராத ஒன்று வருகிறது. பார்வையாளர் இல்லை, ஆட்டம் இல்லை, பாட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள வசனம் இல்லை. பாடுபவர் வேட உடை அணியாமல், ஒலிவாங்கியின் முன் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

மூலக்குழுப் பதிவைத் தவிர, மறுமேடையேற்றத்தில் நடித்தோரின் பதிவு, மேடையில் நடிக்காத பாடகர்களைக் கொண்டு செய்யும் கூடப் பதிவு, அரங்கத்திலேயே பார்வையாளர் முன்னிலையில் எடுக்கும் நேரடிப் பதிவு, நாடகம் மேடையேறும் முன்பே வெளிவரும் முன்பதிவு என்று பிற வகைகளும் உண்டு. கடைசி வகையைப் பற்றிப் பின்னர் காண்போம்.

தொடக்க வரலாறு

1899இல் லண்டனில் மேடையேறிய ‘ஃப்ளோரடோரா’ நாடகத்தின் பாடல்களை அதன் நடிகர்களே 1900இல் ஒருபக்கத் தட்டுகளில் பாடிக் கொடுத்தனர். அக்காலத்தில் மின் ஒலிவாங்கி கிடையாது. பாடுபவர் ஒரு பெரிய ஊதுகுழலின் வாய்க்கு நேராக நின்று உரக்கப் பாட வேண்டும். அந்த ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் தடம் கீறும். வயலினின் மென்மையான ஒலி குழலுக்குள் சரியாக ஏறாது. ஆகவே வாத்தியக் குழுவைச் சுருக்கி, ஊது கருவிகளை முன்னே நிறுத்தினார்கள். மேடையின் இசைக்கும் தட்டின் இசைக்கும் இடையே முதல் பிளவு இங்கேயே விழுந்துவிட்டது.

1925இல் மின் ஒலிப்பதிவு வந்ததும் நிலைமை மாறியது. அடுத்த ஆண்டே ‘லேடி, பீ குட்!’ நாடகத்தின் லண்டன் மேடையேற்றத்தில் நடித்த ஃப்ரெட் அஸ்டேரும் அவர் அக்கா அடீலும், இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினே பியானோ வாசிக்க, சில பாடல்களைப் பதிந்தார்கள். அஸ்டேர் ஆடுவதற்கென்றே பிறந்தவர். அந்தத் தட்டில் அவருடைய காலணித் தாளம் கேட்கிறது, ஆட்டத்தைக் காண முடிவதில்லை.

லண்டனில் இப்படி உதிரித் தட்டுகள் பெருகியபோது அமெரிக்கக் கம்பெனிகள் பின்தங்கியிருந்தன. நாடகப் பாட்டு ஒன்று பிடித்துப்போனால் அதை வானொலியில் பெயர்பெற்ற பாடகரையோ நடனக் குழுவையோ வைத்துப் பதிவது அங்கே வழக்கம். நடிகரைத் தேடிப் போவதில்லை. 1932இல் பிரன்ஸ்விக் கம்பெனிக்காக ஜாக் காப் தயாரித்த ‘ஷோ போட்’ தொகுப்பில் ஹெலன் மார்கனும் பால் ரோப்சனும் பாடினார்கள். ஆனால் மற்ற பாத்திரங்களை வானொலிப் பாடகர்கள் ஏற்றதால் அதை மூலக்குழுப் பதிவாகக் கொள்வதற்கில்லை.

அமெரிக்காவின் முதல் மூலக்குழுப் பதிவு என்ற பெருமை மார்க் பிளிட்ஸ்டைனின் ‘தி கிரேடில் வில் ராக்’ நாடகத்தையே சேரும். தொழிற்சங்கத்தைப் பற்றிய இந்நாடகத்தை 1937 ஜூனில் ஆர்சன் வெல்ஸ் இயக்கி மேடையேற்ற இருந்தார். அரசின் நிதியுதவியில் உருவான நாடகம் அது. கடைசி நேரத்தில் அரசே தடுத்து அரங்கைப் பூட்டிவிட்டது. குழுவினரும் பார்வையாளரும் தெருவில் நடந்தே வேறோர் அரங்கிற்குப் போனார்கள். மேடை ஏறக் கூடாது என்று நடிகர்களுக்குத் தடை இருந்ததால், பிளிட்ஸ்டைன் மட்டும் மேடையில் பியானோவின் முன் அமர, நடிகர்கள் பார்வையாளரிடையே தத்தம் இருக்கையிலிருந்து எழுந்து நின்று பாடினார்கள். 1938இல் மியூசிகிராஃப்ட் கம்பெனி இதை ஏழு தட்டுகளில் வெளியிட்டபோதும் பியானோ ஒன்றே துணை. மேடையில் இருந்ததும் பியானோதான். எனவே வாத்தியத் துணையில் தட்டு எதையும் இழக்கவில்லை. மேடைக்கு இத்தனை நெருங்கிய தட்டு அதன்பின் அரிதாகவே வந்தது.

இம்முயற்சியை வணிகமாக்கியவர் அதே ஜாக் காப். அப்போது அவர் டெக்கா கம்பெனியின் தலைவர். 1943 மார்ச் 31 அன்று மேடையேறிய ராட்ஜர்ஸ், ஹாமர்ஸ்டைன் இருவரின் ‘ஒக்லஹோமா!’ பெருவெற்றி பெற்றது. ஆனால் 1942 ஆகஸ்டிலிருந்து இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவை நிறுத்தி வைத்திருந்தது. தட்டு விற்பனையிலிருந்து கலைஞர்களுக்குப் பங்கு வேண்டும் என்பது கோரிக்கை. டெக்கா 1943 செப்டம்பரில் சங்கத்துடன் உடன்பாடு கண்டது. கொலம்பியாவும் ஆர்.சி.ஏ. விக்டரும் 1944 நவம்பர் வரை பிடிவாதம் பிடித்தன. அந்த இடைவெளியில் டெக்காவுக்குப் போட்டியே இல்லை. ஆல்ஃப்ரெட் டிரேக், ஜோன் ராபர்ட்ஸ், செலஸ்ட் ஹோம் முதலிய மேடை நடிகர்களே பாட, அரங்கின் இசை நடத்துநர் ஜே பிளாக்டனே நடத்த, பத்து அங்குலத் தட்டுகள் ஆறு அடங்கிய தொகுப்பு அவ்வாண்டு டிசம்பரில் கடைக்கு வந்தது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம் ஓடும். பன்னிரண்டு பக்கங்களுக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து நிமிடம். மேடை நாடகமோ இரண்டரை மணி நேரத்துக்கு மேல். மேடைக் கலையையே மாற்றியமைத்தது என்று போற்றப்படும் ஆக்னஸ் டி மில்லின் கனவு நடனத்துக்குத் தட்டில் இடம் கிடைக்கவில்லை. விட்டுப்போன மூன்று பாட்டுகளை 1945இல் இரண்டாம் தொகுப்பாக வெளியிட்டார்கள். அதில் ஒன்று, பண்ணையாள் ஜட் தன் அறையில் தனித்திருந்து மனம் கொதித்துப் பாடும் பாட்டு. மேடையில் அதைப் பாடியவர் ஹோவர்ட் டா சில்வா. தட்டில் பாடியவரோ கதாநாயகன் வேடத்து ஆல்ஃப்ரெட் டிரேக்! வில்லனின் மனக்குமுறலைக் கதாநாயகனின் குரலில் கேட்டு வளர்ந்தது ஒரு தலைமுறை.

தமிழ் வாசகர்களுக்கு இந்த மூன்று நிமிடக் கணக்கு புதிதல்ல. நாடக நடிகர் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா மேடையில் ஒரே பாட்டை விரித்து விரித்துப் பாடுவார். கிராமபோன் தட்டில் அதே பாட்டு மூன்று நிமிடச் சொச்சத்தில் முடிந்தாக வேண்டும். 1933 டிசம்பரில், 27 வயதில், அவர் காலமானார். பேசும் படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. இன்று நமக்குக் கிடைக்கும் கிட்டப்பா அந்தத் தட்டுக் கிட்டப்பா மட்டுமே.

எல்.பி. தட்டின் காலம்

1948 ஜூனில் கொலம்பியா கம்பெனி நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் எல்.பி. தட்டை அறிமுகம் செய்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பதியலாம். இதற்கென்றே பிறந்தது போல இசைநாடகம் இத்தட்டில் பொருந்தியது. 1949இல் வந்த ‘சவுத் பசிபிக்’ தட்டு பில்போர்டு பட்டியலில் 69 வாரம் முதலிடத்தில் இருந்தது. கொலம்பியாவின் காடர்ட் லீபர்சன் இக்கலையின் மிகச் சிறந்த தயாரிப்பாளர். மேடையைப் படியெடுப்பது தட்டின் வேலை அல்ல, காதுக்கென்று தனியாக ஒரு நாடகத்தை அமைப்பதே வேலை என்பது அவர் பதிவுகளைக் கேட்டாலே விளங்கும். நியூயார்க் 30ஆம் தெருவில் பழைய தேவாலயம் ஒன்றை ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றியிருந்தார்கள். உயர்ந்த கூரையின் எதிரொலி அங்கே பதிந்த தட்டுகளுக்குத் தனி நிறம் கொடுத்தது.

1956 மார்ச் 15 அன்று தொடங்கிய ‘மை ஃபேர் லேடி’ நாடகத்தின் முழு முதலீட்டையும் கொலம்பியாவின் தாய் நிறுவனமான சி.பி.எஸ். போட்டது, தட்டு உரிமையும் அதற்கே. பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பதிவு நடந்தது. ரெக்ஸ் ஹாரிசன் பாட்டைப் பாதி பேச்சாகவே சொல்பவர். அந்தப் பாணி மேடையைவிடத் தட்டில்தான் அழகாகப் பதிகிறது, ஏனெனில் ஒலிவாங்கி அவர் உதட்டுக்கு அருகில் இருக்கிறது. முதல் தட்டு ஒற்றை ஒலித்தடத்தில் அமைந்தது. ஸ்டீரியோ பரவிய பின் 1959இல் லண்டன் குழுவோடு மறுபடியும் பதிந்தார்கள். ஹாரிசனும் ஜூலி ஆண்ட்ரூசும் இரண்டிலும் பாடுகிறார்கள். ஒலித் துல்லியத்தில் பிந்தியது உயர்ந்தது, துடிப்பில் முந்தியதே உயர்ந்தது.

கம்பெனி ஒப்பந்தங்கள் சில நேரம் மேடையின் உண்மையையே மறைத்தன. 1950இல் இர்விங் பெர்லினின் ‘கால் மி மேடம்’ நாடகத்துக்குப் பணம் போட்டது ஆர்.சி.ஏ. விக்டர். நாயகி ஈதல் மெர்மனோ டெக்காவோடு ஒப்பந்தம் செய்திருந்தவர். ஆகவே ஆர்.சி.ஏ. தட்டில் மற்ற நடிகர்களெல்லாம் பாட, மெர்மனுக்குப் பதிலாக டைனா ஷோர் பாடினார். மெர்மன் பாடிய தட்டை டெக்கா தனியாக வெளியிட்டது. மேடையில் கேட்ட முழுக் குழு எந்தத் தட்டிலும் இல்லை.

பதிவு முறையும் அதன் விளைவும்

நடிகர் சங்க விதிப்படி ஒரு நாள் பதிவுக்கு நடிகருக்கு ஒரு வாரச் சம்பளம் கொடுக்க வேண்டும். எனவே ஒரே நாளில் முடிக்கத்தான் எல்லோரும் பாடுபடுவார்கள். நாடகம் தொடங்கிய ஓரிரு வாரத்தில், ஓய்வு நாளில், எட்டுக் காட்சி நடித்துக் களைத்த தொண்டையோடு பாட வேண்டியிருக்கும். ‘கம்பெனி’ என்ற நாடகத்தின் பதிவை 1970 மே மாதம் டி.ஏ.பென்னிபேக்கர் ஆவணப்படமாக எடுத்தார். காலையில் தொடங்கிய பதிவு விடியும் வரை நீள்கிறது. எலைன் ஸ்டிரிச் தன் பெரிய பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடியும் குரல் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் வாத்திய இசையை மட்டும் பதிந்துவிட்டு, சில நாள் கழித்து வந்து அதன்மேல் பாடுகிறார். மேடையில் அந்தப் பாட்டு, இரண்டு மணி நேர நாடகம் சேர்த்துக் கொடுத்த கசப்பின் உச்சியில் வெடிக்கும். கூடத்தில் அவருக்கு அந்த ஏணி இல்லை. தட்டில் இன்று நாம் கேட்டு வியப்பது மறுநாள்களில் வந்த புத்துணர்ச்சியை.

தட்டு நாடகத்துக்குத் துரோகம் செய்த இடங்களும் உள்ளன. ஸ்டீபன் சோந்தைமின் ‘ஃபாலிஸ்’ 1971இல் மேடையேறியபோது பாட்டுகள் நிரம்பிய பெரு நாடகம். கேபிடல் கம்பெனி அதை ஒரே எல்.பி. தட்டில் அடைத்தது. பல பாட்டுகள் வெட்டுப்பட்டன. ‘ஒன் மோர் கிஸ்’ என்ற பாட்டு பதிந்தும் இடமின்றி விடப்பட்டது. இந்தக் குறையைத் தீர்க்கவே 1985இல் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு ஒரு கச்சேரி நடத்தி முழுமையாகப் பதிந்தார்கள். இதற்கு நேர்மாறாக, ஃபிராங்க் லெஸரின் ‘தி மோஸ்ட் ஹாப்பி ஃபெல்லா’ 1956இலேயே வசனத்தோடு ஏறக்குறைய முழுமையாக மூன்று எல்.பி. தட்டுகளில் வந்தது. மனம் இருந்தால் இடமும் கிடைத்திருக்கும் என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் தட்டு காப்பாற்றிய நாடகங்கள் பல. லெனர்ட் பெர்ன்ஸ்டைனின் ‘கேண்டீட்’ 1956இல் 73 காட்சிகளோடு முடிந்துபோனது. தட்டின் வழியேதான் அதன் இசை உலகமெங்கும் பரவியது. சோந்தைமின் ‘எனிஒன் கேன் விசில்’ 1964இல் ஒன்பதே காட்சிகள்தான் ஓடியது. நாடகம் நின்ற பின்னும் லீபர்சன் தன் வாக்கைக் காப்பாற்றிப் பதிவு செய்தார். ‘பால் ஜோயி’யின் கதை இன்னும் வியப்பானது. 1940இல் வந்து பின் மேடையை விட்டு மறைந்த நாடகம் அது. லீபர்சன் 1950இல் அதைக் கூடப் பதிவாகத் தட்டில் கொண்டுவந்தார். அது பிடித்துப்போய் 1952இல் நாடகத்தையே மறுபடியும் மேடையேற்றினார்கள்.

மேடையைத் தட்டு முந்தியது

1970இல் ஆண்ட்ரூ லாய்ட் வெப்பரும் டிம் ரைசும் ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ நாடகத்தை மேடை கிடைக்காததால் முதலில் முன்பதிவுத் தட்டாகவே வெளியிட்டார்கள். மறு ஆண்டு பிராட்வேயில் நாடகமானபோது, தட்டைக் கேட்டுப் பழகிய காதோடு ரசிகர்கள் வந்தார்கள். தட்டில் ஏசுவாகப் பாடியவர் ராக் பாடகர் இயன் கில்லன், மேடையில் வேறொருவர். இதுவரை மேடை மூலமாகவும் தட்டு படியாகவும் இருந்தன. இப்போது இடம் மாறிவிட்டது. ‘எவீட்டா’, ‘செஸ்’ இரண்டும் இதே வழியில் வந்தவை. பிரெஞ்சு மொழி ‘லெ மிசெராப்ல்’ கூட 1980இல் தட்டாகத் தொடங்கியதே. ஒலிபெருக்கி இல்லாமலே அரங்கின் கடைசி வரிசை வரை குரலை அனுப்பிய மெர்மன் காலம் போய், நடிகர் உடலில் சிறு ஒலிவாங்கி பொருத்திக்கொள்ளும் காலம் வந்தது. தட்டுப் போல் ஒலிக்க வேண்டும் என்று மேடை ஆசைப்படத் தொடங்கியது கலைக்கு நேர்ந்த இழப்பே ஆகும்.

ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த ‘பாம்பே டிரீம்ஸ்’ 2002இல் லண்டனின் அப்போலோ விக்டோரியா அரங்கில் தொடங்கியது. அதன் லண்டன் குழுப் பதிவும் அவ்வாண்டே வெளிவந்தது. அதில் ‘உயிரே’ படத்தின் ‘தைய தையா’ மெட்டும் உண்டு. திரைத் தட்டிலிருந்து மேடைக்குப் போய், மேடையிலிருந்து மீண்டும் தட்டுக்கு வந்த பாட்டு அது.

இன்றைய நிலை

குறுந்தகடு வந்தபின் நேர நெருக்கடி தளர்ந்தது. இப்போது இணைய வழிக் கேட்பே பெருவழக்கு. 2015இல் வெளியான ‘ஹாமில்டன்’ பதிவு நாடகத்தை ஏறத்தாழ முழுமையாகத் தருகிறது. நாயகனின் நண்பன் லாரன்சின் மறைவைச் சொல்லும் ஒரு சிறு காட்சியை மட்டும், அரங்குக்கு வருவோருக்கென்று, நாடகத்தை எழுதிய லின்-மானுவல் மிராண்டா வேண்டுமென்றே விட்டுவைத்தார். தட்டில் காண முடியாத ஆட்டத்தையும் சேர்த்து, மேடை நாடகங்களை அரங்கிலேயே படம்பிடித்துக் காக்கும் பணியை நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்கலைப் பிரிவு 1970 முதல் செய்துவருகிறது. அப்படங்களை ஆய்வாளர்கள் நூலகத்துக்கே நேரில் சென்று பார்க்க வேண்டும். வெளியே எடுத்துச்செல்ல அனுமதி இல்லை.